கோசோவில் ஒரு வாரம்: எங்கே தங்குவது, கார் வேண்டுமா?

கேள்வி: நானும் என் கணவரும் ஐம்பதுகளில் இருக்கிறோம். மத்தியதரைக் கடலில் ஏதாவது ஒரு சிறு தீவில் ஒரு வாரம் ஓய்வாக இருக்க ஆசை. மால்டாவின் பெரிய தீவில் அறை எடுத்துவிட்டு, அதே நாட்டின் சிறு தீவான கோசோவுக்கு ஒரு நாள் மட்டும் போய் வந்தால் போதுமா? எந்த மாதம் நல்லது? கார் அவசியமா?

பதில்: ஓய்வுதான் நோக்கம் என்றால் ஏழு இரவுகளையும் கோசோவிலேயே கழியுங்கள். காலைப் படகில் வந்து மாலைப் படகில் திரும்புகிறவர்களுக்குப் பாதி நாள் வழியிலேயே போய்விடுகிறது. அவர்கள் கிளம்பிய பிறகுதான் ஊர்ச் சதுக்கங்களில் உள்ளூர்க்காரர்கள் வந்து உட்காருவார்கள். அந்த மாலை நேரத்துக்காகவே நான் இந்தத் தீவைப் பரிந்துரைக்கிறேன்.

செப்டம்பர் பிற்பகுதியோ அக்டோபர் தொடக்கமோ சிறந்தது. கோடை முழுவதும் சூடேறிய கடல் அப்போதும் இதமாக இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். மே மாதம் நடப்பதற்கு அருமை, ஆனால் தண்ணீர் குளிரும். ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். வெயில் கடுமை, ஆகஸ்டு 15 மாதா திருவிழாவையொட்டி மால்டாவாசிகளே திரளாக வந்துவிடுவார்கள்.

தீவின் பரப்பு சுமார் 67 சதுர கிலோமீட்டர்தான். ஆனாலும் பஸ்கள் பெரும்பாலும் நடுவிலுள்ள விக்டோரியா நகரம் வழியாகவே போகின்றன. பக்கத்துக் கிராமத்துக்குக்கூட அங்கே இறங்கி மாற வேண்டியிருக்கும். பஸ்ஸையே நம்புவதானால் விக்டோரியாவில் தங்குங்கள். கோட்டை நடந்துபோகும் தூரம். நாதூர், ஷாரா போன்ற கிராமங்களில் பழைய கல்வீடுகளை நீச்சல்குளத்தோடு வாடகைக்குத் தருகிறார்கள். எனக்குப் பிடித்தது அதுவே. அதற்குக் கார் வேண்டும். சாலையில் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆங்கிலம் ஆட்சிமொழி என்பதால் பேச்சுக்கும் சிரமமில்லை.

கடலில் குளிக்கக் கிளம்பும் முன் காற்றின் திசையைப் பாருங்கள். வடமேற்குக் காற்று அடித்தால் வடகரையில் செம்மணல் பரந்த ராம்லா கடற்கரையில் அலை எழும். அன்று தென்கிழக்கே கொமினோ என்னும் குட்டித் தீவைப் பார்த்திருக்கும் ஹொண்டொக் விரிகுடாவில் தண்ணீர் அமைதியாக இருக்கும். ராம்லாவில் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே வேண்டாம்.

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். ஷாராவில் உள்ள ஜிகந்தியா கோயில்கள் 5,000 ஆண்டுகளுக்கும் பழமையானவை, எகிப்தின் பிரமிடுகளுக்கு முந்தியவை. வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். ஷ்வெய்னி உப்பளங்கள் மாலைக்கு ஏற்றவை. மேற்குக் கரையிலுள்ள துவெய்ராவின் புகழ்பெற்ற கல் வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்துவிட்டது. பழைய படங்களை நம்பிப் போகாதீர்கள். ஆனால் அங்கே பாறைக் குகை வழியாகத் திறந்த கடலுக்குக் கூட்டிச்செல்லும் சிறு படகுச் சவாரிக்காகவே போகலாம். சைவம் என்றால் உருளைக்கிழங்கு பரப்பிச் சுட்ட ஃப்திரா என்னும் தட்டை ரொட்டியை மீன், இறைச்சி சேர்க்காமல் கேட்டு வாங்குங்கள்.

மால்டா, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா செல்லும் நாடு; இந்தியக் கடவுச்சீட்டு என்றால் அந்த விசா வேண்டும். விமான நிலையம் மால்டாவின் பெரிய தீவில் இருக்கிறது. அங்குள்ள சிர்க்கெவ்வா துறையிலிருந்து பெரிய படகில் சுமார் 25 நிமிடம். கட்டணத்தைத் திரும்பும்போதுதான் வாங்குவார்கள். தலைநகர் வல்லெட்டாவிலிருந்து விரைவுப் படகில் முக்கால் மணி நேரம், ஆனால் காற்று பலத்தால் அது நின்றுவிடும். இரவிலும் ஓடுவது பெரிய படகுதான். திரும்பும் நாளில் அதையே கணக்கில் வைத்து, விமான நேரத்துக்கு நான்கைந்து மணி நேரம் முன்பே தீவிலிருந்து கிளம்புங்கள்.