மொத்தத் தண்ணீரையும் மாற்றியும் தொட்டி பச்சையாகிறதா?

ஜன்னலோரம் 50 லிட்டர் தொட்டி, மூன்று கோல்டு ஃபிஷ், வாரம் ஒருமுறை மொத்தத் தண்ணீரையும் மாற்றியும் நாலே நாளில் பச்சை என்கிறீர்கள். அந்தப் பச்சை வெளிச்சத்தில் வளரும் பாசிதான், அதனால் முதலில் தொட்டியை ஜன்னலை விட்டு நகர்த்துங்கள். முடியாவிட்டால் வெயில் படும் பக்கத்தில் கறுப்புச் சார்ட் ஒட்டுங்கள். லைட் ஆறேழு மணி நேரம் போதும்.

மொத்தமாக மாற்றுவதை நிறுத்துங்கள். வாரம் இருமுறை கால்வாசி மாற்றுங்கள், புதுத் தண்ணீரில் குளோரினை நீக்கும் மருந்து கலந்து. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவுகிறீர்களா? மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது, குளோரின் பட்டால் செத்துவிடும். தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழியுங்கள். பழுப்பாக அழுக்கு இறங்கும், அது போதும்.

தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான். இந்த மீன் எப்போதும் பட்டினி கிடந்தது போல வாயைத் திறக்கும், நம்பாதீர்கள்.

இப்போதிருக்கும் பச்சைக்கு, மூன்று நாள் லைட்டை அணைத்துத் தொட்டியைப் போர்வையால் சுற்றி மூடுங்கள். ஏர் பம்ப் கட்டாயம் ஓடட்டும், சாகிற பாசி ஆக்சிஜனை இழுத்துவிடும். அப்புறம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். பாசிக்கொல்லி மருந்து வேண்டாம்.

மூன்று மீனுக்கு 50 லிட்டர் நெருக்கடிதான். பெரிய தொட்டி வாங்கும்வரை மணி பிளான்ட் வேரை மட்டும் தண்ணீருக்குள் விட்டு வையுங்கள், மீன் கழிவிலிருந்து வந்து பாசிக்கு உரமாகிற நைட்ரேட்டை உறிஞ்சும்.