முழங்காலுக்குச் சுகம், பாதத்துக்கு ஆபத்து: வீட்டில் வெந்நீர்த் தொட்டி வாங்கலாமா?

கேள்வி: டொக்டர், நான் மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 61. பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம், பிரஷரும் இருக்கிறது. மெட்ஃபோர்மின், காலையும் இரவும் இன்சுலின், பிரஷருக்கு லோசாட்டன், அம்லோடிபின் எல்லாம் எடுக்கிறேன். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டதாக எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். ரொறன்ரோவில் மூத்த மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே வளவில் வைத்திருந்த ஹொட் டப்பில் தினமும் இருந்தேன். முழங்கால் வலி பறந்துபோனது. இப்போது அதேபோல ஒன்றை எங்கள் வீட்டுக்கும் வாங்கித் தருகிறேன் என்று மகன் நிற்கிறான். இளைய மகனும் மருமகளும் எங்களோடுதான். கல்யாணமாகி இரண்டு வருடம், இன்னும் பிள்ளை இல்லை. மகளின் மூன்று வயதுப் பையனும் பகலில் எங்களிடம் இருப்பான். கொஞ்ச நாளாகப் பாதம் இரண்டும் விறைத்தது போல இருக்கிறது, அது வயதால் வருவதாக இருக்கும். தொட்டியை வாங்கலாமா? அது சரிவராது என்றால் மஹா ஓயா வெந்நீர்க் கிணற்றுக்காவது போய் வரலாமா?

பதில்: ரீச்சர், முழங்காலைப் பற்றி நிறைய எழுதிவிட்டுப் பாதத்துக்கு ஒரே ஒரு வரி கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. தொட்டி வாங்க வேண்டாம். மகனின் ஆசை நல்லது. அந்தக் காசை வேறு விதமாகச் செலவழிக்கலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. வெந்நீரில் இருந்தபோது வலி குறைந்தது உண்மைதான். சூடு பட்டால் இறுகிய தசை தளரும், மூட்டின் விறைப்பு குறையும். நெஞ்சளவு தண்ணீரில் நிற்கும்போது உடம்பின் பாரத்தில் பாதிக்கு மேல் தண்ணீரே தாங்கிக்கொள்ளும், முழங்காலுக்கு ஓய்வு கிடைக்கும். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு அதனால் வளராது. வெளியே வந்து சில மணி நேரத்தில் வலி பழைய இடத்துக்கே வந்துவிடும். ரொறன்ரோவில் தினமும் அதில் இருக்க வேண்டியிருந்ததற்குக் காரணமும் அதுதானே.

இனிப் பாதத்துக்கு வருவோம். பன்னிரண்டு வருடச் சீனி வருத்தத்தோடு இரண்டு பாதமும் விறைக்கிறது என்றால், வயதின் மேல் பழி போடுவதற்கு முன் நரம்புகளைச் சோதிக்க வேண்டும். இரத்தத்தில் சீனி நீண்ட காலம் கூடியிருந்தால் உடம்பின் மிக நீளமான நரம்புகள்தான் முதலில் பழுதாகும். அவை முடிவது பாதத்தில். முதலில் விறைப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, பிறகு சூடும் வலியும் தெரியாமல் போவது. அந்தக் கட்டத்தில் உள்ளவருக்கு 45 பாகை செல்சியஸ் தண்ணீரும் இளஞ்சூடாகத்தான் தெரியும். சுட்டது தெரியாது, கொப்புளம் போட்டதும் தெரியாது, அது உடைந்து புண்ணாகிச் செருப்பில் ஈரம் ஒட்டும்போதுதான் பார்ப்பார்கள். சீனி உள்ளவரின் காலில் புண் ஆறுவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஊரில் விரல் எடுத்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். வெந்நீர் மட்டுமில்லை, ஆடி மாத வெயிலில் கோயில் வீதியை வெறுங்காலோடு சுற்றி வந்து உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வருகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறோம். ‘சுடவே இல்லையே டொக்டர்’ என்பார்கள். சுடாததுதான் வருத்தம்.

ஒழுங்காக வேலை செய்யும் தொட்டியில் சூடு 40 பாகைக்கு மேல் போகாது, அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் வெப்பமானி பழுதானால் அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டியது உங்கள் கால், அந்த வேலையைச் செய்யும் நிலையில் அது இப்போது இல்லை. பாதம் நெடுநேரம் ஊறினால் தோல் மெலிந்து விரலிடுக்கில் வெடிப்பும் வரும்.

இன்னொரு விஷயமும் உண்டு. மெட்ஃபோர்மினைப் பல வருடம் எடுத்தால் சிலருக்கு விற்றமின் பி12 குறையும், அதனாலும் கால் விறைக்கும். இது மருந்தால் சரிசெய்யக்கூடியது. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது இரண்டையும் கேளுங்கள்: பி12 இரத்தப் பரிசோதனை, பிறகு மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை. அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது, ஆனால் கூட்டமான கிளினிக்கில் நீங்கள் சப்பாத்தைக் கழற்றிக் காட்டாவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். மெட்ஃபோர்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் உங்கள் மருந்துகள். அம்லோடிபின் இரத்தக் குழாய்களை விரித்துப் பிரஷரைக் குறைக்கிறது. வெந்நீரும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டும் சேர்ந்த நிலையில் கால் மணி நேரம் இருந்துவிட்டுச் சடக்கென்று எழும்பினால் தலை சுற்றி விழலாம். ஈரத் தரையில் 61 வயதில் விழுந்தால் முழங்கால் வலியை மறந்து இடுப்பு எலும்பைப் பற்றிப் பேச வேண்டி வரும். இன்சுலினும் அப்படித்தான்: ஊசி போட்ட பிறகு உடம்பு சூடானால் அது வழமையைவிட வேகமாக இரத்தத்தில் கலக்கும், சீனி இறங்கும். வியர்வையும் மயக்கமும் வெந்நீராலா, சீனி இறங்கியதாலா என்று தண்ணீருக்குள் இருந்தபடி பிரித்துப் பார்க்க முடியாது.

ரொறன்ரோவில் இதெல்லாம் நடக்கவில்லையே என்பீர்கள். அங்கே வெளியே குளிர். தோளும் தலையும் குளிர்காற்றில் இருந்திருக்கும், எழும்பி வந்ததும் உடம்பு ஆறியிருக்கும். கல்லடியில் பைப் தண்ணீரே 28 பாகையில் வருகிறது. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கும்போது பகலில் வீட்டுக்குள்ளேயே அவிகிறது. 39 பாகைத் தண்ணீரில் இருக்கும்போது வியர்வை ஆவியாக வழியில்லை, உடம்பின் உள்சூடு ஏறிக்கொண்டே போகும். வெளியே வந்தால் ஆறுவதற்குக் காற்றும் இல்லை. எங்கள் ஊரில் ஒருவர் காசு கொடுத்து வாங்க வேண்டியது குளிர்ச்சியைத்தான் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

தண்ணீரைப் பற்றி விற்கிறவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். நாலைந்து பேர் இருக்கும் தொட்டிக்கு ஆயிரத்துக்கு மேல் லீற்றர் தண்ணீர் வேண்டும், அதைத் தினமும் மாற்றுவதில்லை. வாரக்கணக்கில் அதே தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் பாவிக்கிறார்கள். குளோரின் ஒரு லீற்றருக்குக் குறைந்தது 3 மில்லிகிராம் இருக்க வேண்டும், அமில காரநிலை 7.0க்கும் 7.8க்கும் இடையில் இருக்க வேண்டும். சூடான தண்ணீரில் குளோரின் சீக்கிரம் போய்விடும், அதனால் சோதனைத் தாளை நனைத்துப் பார்ப்பது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை. தவறினால் சூடோமோனாஸ் என்ற கிருமி வளர்ந்து, குளித்து ஓரிரு நாளில் உடம்பில் சிவந்த பருக்கள் போடும். அது பெரும்பாலும் தானாக மாறிவிடும். லெஜியோனெல்லா அப்படியில்லை. 25 முதல் 45 பாகை வரையான தண்ணீர் அதற்கு மிகவும் பிடிக்கும். தொட்டியின் குமிழிகள் கிளப்பும் நுண்ணிய நீர்த்துளிகளோடு நுரையீரலுக்குள் போய் நிமோனியா உண்டாக்கும். 1999இல் நெதர்லாந்தில் ஒரு மலர்க் கண்காட்சியில் விற்பனைக்காக ஓடவிட்டிருந்த தொட்டியிலிருந்து இந்தக் கிருமி பரவி முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். தொட்டிக்குள் இறங்கியவர்கள் இல்லை, பக்கத்தால் நடந்து போனவர்கள். வயதானவர்களுக்கும் சீனி உள்ளவர்களுக்கும் இதில் ஆபத்து அதிகம்.

கரண்ட் போனால் வடிகட்டியும் நிற்கும், தண்ணீர் மெல்ல மெல்ல ஆறிக் கிருமிக்குப் பிடித்த சூட்டிலேயே கிடக்கும். கிணற்றுத் தண்ணீரால் நிரப்பலாம் என்று யோசித்தால், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் கல்லடியில் பல கிணறுகள் உவர். ஹீட்டரில் உப்புப் படியும். அதோடு மெலியோய்டோசிஸ் என்ற கிருமித் தொற்று எங்கள் கிழக்கிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. மண்ணிலும் சுத்திகரிக்காத தண்ணீரிலும் வாழும் கிருமி அது, சீனி வருத்தக்காரரைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். வெந்நீர்த் தொட்டியால் இங்கே யாருக்கும் வந்தது என்று நான் சொல்லவில்லை. காலில் வெடிப்புள்ள ஒருவர் குளோரின் போடாத கிணற்றுத் தண்ணீரில் ஊற வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஆர்வம் குறைந்து தொட்டியை மழைக்காலத்தில் அப்படியே விட்டால் நுளம்பு முட்டையிடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து கேற்றைத் தட்டுவார்.

செலவை நான் பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் ஒரு கணக்கு: 1200 லீற்றரை 28 பாகையிலிருந்து 39க்குச் சூடாக்க ஏறக்குறைய 15 யுனிட் கரண்ட் வேண்டும். அந்தச் சூட்டைப் பிடித்து வைத்திருக்க வேறு. யுனிட் கூடக் கூட விலையும் ஏறுகிற பில் எங்களுடையது. மேல்மாடியில் வைக்கும் யோசனை இருந்தால் தண்ணீரே 1200 கிலோ என்பதை மகனுக்குச் சொல்லுங்கள்.

வீட்டில் மற்றவர்களையும் யோசியுங்கள். இளைய மகனும் மருமகளும் பிள்ளைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இந்தத் தொட்டி வீட்டில் இருப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆணின் விதைகள் உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று பாகை குறைவில்தான் ஒழுங்காக வேலை செய்யும். அடிக்கடி வெந்நீரில் ஊறினால் விந்தணு குறையும், நிறுத்திய பிறகும் பழைய நிலைக்கு வர மூன்று மாதமளவில் எடுக்கும். பெண்ணுக்கு, கரு தங்கிய முதல் வாரங்களில் உடம்புச் சூடு மிகவும் ஏறினால் குழந்தையின் மூளை, முள்ளந்தண்டு உருவாவதில் குறை வரும் அபாயம் கூடுகிறது. அந்த வாரங்களில்தான் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரியாது. ஆகவே அவர்கள் இருவரும் இறங்கக் கூடாது. பேரனும் கூடாது, சின்ன உடம்பு சீக்கிரம் சூடாகும், மூடி திறந்து கிடந்தால் ஒரு நிமிடத்தில் மூழ்கிவிடுவான். மிஞ்சுவது உங்கள் கணவரும் ஓகஸ்ட்டில் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களும்தான். அவர்கள் கையில் பியரோடு இறங்குவார்கள், மதுவும் வெந்நீரும் சேர்ந்தால் மயங்கி மூழ்கும் ஆபத்து வேறு.

சரி, மகனின் காசுக்கு வேலை கொடுப்போம். நீங்கள் இன்னும் குந்தியிருக்கும் மலசலகூடத்தைத்தான் பாவிக்கிறீர்கள் என்றால் உயரமான கொமட் வையுங்கள். அதற்குப் பக்கத்தில் சுவரில் கைபிடி, வழுக்காத தரை, இருந்து குளிக்க ஒரு கதிரை. நிலத்தில் இருந்து தேங்காய் திருவுவதை நிறுத்துங்கள், மேசையில் பூட்டும் திருவலை கடைகளில் இருக்கிறது. பிசியோதெரபி நிபுணரிடம் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிகளைக் கேட்டுப் பழகுங்கள். கதிரையில் இருந்தபடி காலை நீட்டிப் பிடிப்பது, கையூன்றாமல் எழும்பி இருப்பது போன்ற சின்னப் பயிற்சிகள்தான், ஆனால் முழங்கால் தேய்வுக்கு நான் நம்பும் முதல் மருந்து அவைதான். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முழங்காலுக்கு நாலு கிலோ சுமை குறைகிறது. வலிக்கு டைக்ளோஃபெனக் பூச்சு மருந்து பரவாயில்லை; அதே மருந்தை மாத்திரையாகத் தொடர்ந்து போடாதீர்கள், லோசாட்டனோடு சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

சூடுதான் வேண்டும் என்றால் முழங்காலுக்கு மட்டும் ஒத்தடம் கொடுங்கள். வெந்நீர்ப் பையைத் துவாயில் சுற்றி, கணவரின் முழங்கையால் சூடு பார்த்த பிறகு, கால் மணி நேரம். நொச்சி இலை போட்டு அவித்தாலும் நல்லது, இலையைவிட வேலை செய்வது சூடுதான் என்பது என் எண்ணம், நீங்கள் கோபிக்கக் கூடாது. பாதத்துக்கு ஒத்தடமே வேண்டாம். தண்ணீருக்குள் நடக்க ஆசையென்றால் பாசிக்குடா இருக்கிறதே. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் காலை வெயில் ஏற முதல், இடுப்பளவு தண்ணீரில், காலில் இறப்பர்ச் சப்பாத்தோடு அரை மணி நேரம் நடக்கலாம். காலில் புண் எதுவும் இருந்தால் வேண்டாம். கல்லடிக் கடலில் அலையும் இழுப்பும் அதிகம், அங்கே முயற்சிக்காதீர்கள்.

மஹா ஓயாவுக்குப் போகலாம். செங்கலடி, பதுளை வீதியால் ஒரு காலைப் பயணம். ஆனால் அங்கே சில கிணறுகளில் சூடு 50 பாகையைத் தாண்டும், வாளியை நேரே காலில் ஊற்றிவிடாதீர்கள். கணவர் கையால் பார்த்து, பச்சைத் தண்ணீர் கலந்து, தோளிலும் முழங்காலிலும் ஊற்றட்டும். செருப்பைக் கழற்ற வேண்டாம். காலைச் சாப்பாட்டையும் இன்சுலினையும் வழமைபோல முடித்துக்கொண்டு, பையில் ஒரு குளுக்கோஸ் பக்கற்றும் வைத்துக்கொள்ளுங்கள். வீடு வந்ததும் இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்போ கொப்புளமோ இருந்தால் மறுநாளே வைத்தியசாலைக்கு வாருங்கள்.