மாமாவோட ட்ரங்கு பெட்டி

கேள்வி: என் பெரிய மாமாவுக்கு 71 வயசு, கல்யாணம் பண்ணிக்கல. 30 வருஷம் பம்பாய்ல வேலை பார்த்துட்டு இப்ப எங்ககூட திருச்சில இருக்கார். அவர் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தப்ப வீடு மாத்தினோம். வண்டில ஏத்தும்போது அவரோட ட்ரங்கு பெட்டி பூட்டு உடைஞ்சு, உள்ள 'பாம்பே தோஸ்த்'னு பழைய பத்திரிகை 9 இருந்துச்சு. புரட்டினதும் புரிஞ்சிடுச்சு. அம்மா, பேப்பர்காரன்கிட்டகூட போடாதே, கொளுத்திடுங்கறாங்க. மாமாகிட்ட நேராவே கேட்டுடலாமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: முதல்ல தீப்பெட்டிய அடுப்படியிலயே வைங்கம்மா. அது உங்க அம்மா நினைக்கிற மாதிரி அசிங்கமான புக் இல்ல. தன்பால் ஈர்ப்பு உள்ளவங்களுக்காக 1990ல அசோக் ராவ் கவின்னு ஒருத்தர் பம்பாய்ல ஆரம்பிச்சது. அவர் அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே ஒரு பத்திரிகைல சொந்தப் பேர்லயே தான் 'கே', அதாவது ஆம்பளைய விரும்பற ஆம்பளன்னு வெளிய சொன்ன மனுஷன். சும்மா கடைல தொங்கவிட்டு விக்கிற பத்திரிகை இல்ல அது, தெரிஞ்ச சில பேப்பர்காரங்ககிட்ட பிரவுன் பேப்பர் சுத்தி வாங்கணும். உங்க மாமா அந்த ஒம்போதையும் வாங்கி, எங்கயோ ஒளிச்சு வச்சு, வீடு மாத்தறப்பல்லாம் தூக்கிட்டு, கடைசில பம்பாய்லேர்ந்து திருச்சி வரைக்கும் கொண்டாந்திருக்காருன்னா அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க? நம்ம மாதிரி இன்னும் ஆளுங்க இருக்காங்கங்கற ஒரே சேதிதான்.

அப்ப இந்த மாதிரி உறவே குத்தம்னு சட்டம் இருந்துச்சு, 377வது பிரிவு, வெள்ளைக்காரன் 1860ல போட்டது, ஆயுள் தண்டனை வரைக்கும் குடுக்கலாம். கேஸ் கோர்ட் வரைக்கும் போச்சோ இல்லையோ, வீட்டுக்குச் சொல்லிடுவேன், ஆபீசுக்குச் சொல்லிடுவேன்னு மிரட்டியே பர்ஸ காலி பண்றதுக்கு அது போதும். 1992ல டெல்லி கனாட் பிளேஸ் சென்ட்ரல் பார்க்ல இப்படிப்பட்டவங்கன்னு சந்தேகப்பட்டு 18 பேர போலீஸ் பிடிச்சிட்டுப் போச்சு. அதக் கேட்டு ஆகஸ்ட் 11ந்தேதி ஏபிவிஏங்கற எய்ட்ஸ் பாகுபாட்டு எதிர்ப்பு அமைப்புக்காரங்க போலீஸ் தலைமையகம் வாசல்லயே போய் நின்னாங்க. திகார் ஜெயில்ல கைதிங்களுக்கு எய்ட்ஸ் வராம இருக்க ஆணுறை குடுக்க மாட்டோம்னு அதிகாரிங்க சொன்னதால 1994ல அதே அமைப்பு 377ஐ எதிர்த்து டெல்லி ஹைகோர்ட்ல கேஸ் போட்டுச்சு, அது இழுத்து இழுத்து 2001ல நடத்த ஆளில்லாம தள்ளுபடி ஆச்சு, அது வேற கதை.

பொண்ணுங்க பாடு இன்னும் மோசம். 1987ல போபால்ல ரெண்டு பெண் போலீஸ் ஒருத்தருக்கொருத்தர் மாலை மாத்திக்கிட்டாங்கன்னு வேலைய விட்டே தூக்கிட்டாங்க. 1998ல ரெண்டு பொண்ணுங்களோட காதலச் சொன்ன 'ஃபயர்' படம் ஓடின தியேட்டர்கள அடிச்சு நொறுக்கினப்பதான் டெல்லி ரீகல் தியேட்டர் வாசல்ல மெழுகுவர்த்தி பிடிச்சு, லெஸ்பியன், அதாவது பொண்ண விரும்பற பொண்ணுன்னு எழுதின அட்டையோட பொண்ணுங்க ரோட்டுலயே நின்னாங்க. 1999 ஜூலைல கொல்கத்தால இவங்களுக்காக நடந்த முதல் பிரைடு ஊர்வலத்துக்கு வந்தது 15 பேர்தான், பதினஞ்சே பேர். இப்ப சென்னைல வருஷா வருஷம் பிரைடு நடக்குது, யாரும் திரும்பிக்கூட பார்க்கறதில்ல.

ஒண்ணு சொல்லிடறேன், எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு. நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல ஒரு பையன் இன்லண்ட் லெட்டர்ல, மடிக்கிற ஓரம் வரைக்கும் பொடிப்பொடியா எழுதியிருந்தான், கூடப் படிக்கிற பையன் மேல மனசு போயிடுச்சு, நான் கெட்டவனான்னு. கல்யாணம் பண்ணிக்கோ தம்பி எல்லாம் சரியாயிடும்னு நாலு வரில பதில் போட்டேன். அப்ப எல்லாரும் அதத்தான் சொன்னாங்க, டாக்டருங்களே சொன்னாங்க, ஆனா அது சமாதானம் ஆகாது. அவன் மறுபடி எழுதவே இல்ல. நான் சொன்னதக் கேட்டு எந்தப் பொண்ணு கழுத்துல தாலி கட்டினானோன்னு இன்னிக்கும் சில ராத்திரி தூக்கம் போகுது. உங்க மாமாவுக்கும் எத்தன பொண்ணு பார்த்திருப்பாங்க, அத்தனைக்கும் எதையோ சொல்லி வேண்டாம்னு நின்னிருக்கார் பாருங்க, அந்தப் பிடிவாதம் சாதாரணம் இல்லம்மா.

அதனால நேரா கேக்காதீங்க. புரிஞ்சிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க, என்ன புரிஞ்சுதோ அது அவர் வாயால வரணும், இல்ல வராமயே போகட்டும். பம்பாய்ல கூட யார் இருந்தாங்க, ஏன் திரும்பி வந்தாருன்னு நோண்ட வேண்டாம். போட்டோ எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போடறது, நல்ல எண்ணத்துல ஃபேஸ்புக்ல எழுதறது எதுவுமே வேண்டாம், அது அவரோட விஷயம், உங்க விஷயம் இல்ல. அதே சமயம் பொய்யும் வேண்டாம். பார்த்தியான்னு கேட்டா பார்த்தேன் மாமான்னு சொல்லுங்க. அவரா யார் பேரையாவது எடுத்தாருன்னா காபி போட எழுந்திரிக்காம உக்காந்து கேளுங்க, அந்தப் பேர அவர் வாய்விட்டுச் சொல்லி எத்தனை வருஷம் ஆச்சோ.

அம்மாவுக்குப் போலீஸ் பயம்னா, 2018 செப்டம்பர் 6லேயே சுப்ரீம் கோர்ட் இது குத்தம் இல்லன்னு சொல்லிடுச்சுன்னு சொல்லுங்க. பயம் அது இல்ல, ஊர் என்ன சொல்லும்ங்கறதுதான்னா, பெட்டி பூட்டியே இருந்தா ஊருக்கு எப்படித் தெரியும்னு திருப்பிக் கேளுங்க, கொஞ்ச நாளைக்கு வாய மூடிட்டு இருப்பாங்க.

புக்க எடுத்த வரிசையிலயே திருப்பி வைங்க, நாலு அந்துருண்டை காகிதத்துல சுத்திப் போடுங்க. நல்ல பூட்டா ஒண்ணு வாங்கிப் பூட்டிட்டு, மாமா வீட்டுக்கு வந்ததும், பழைய பூட்டு உடைஞ்சிடுச்சு மாமா, உள்ள எல்லாம் அப்படியே இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, அவருக்குப் புரியும். பூட்டுக்கு சாவி ரெண்டு தருவான், ரெண்டையும் அவர் கைலயே குடுத்துடுங்க, ஒண்ணு அம்மாகிட்ட போயிடப்போகுது.