'மெசேஜ் பார்த்தேன்' என்றவர் இப்போது மறுக்கிறார்: இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: சிக்னலில் பைக்கோடு நின்றிருந்தேன். பின்னால் வந்த கார் மோதியதில் கால் எலும்பு முறிந்துவிட்டது. காரிலிருந்து இறங்கியவர் கையில் செல்போன் இருந்தது. "ஒரு மெசேஜ் பார்த்தேன், கவனிக்கல" என்று அவரே சொன்னார். இப்போது அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். போலீஸ் பதிவில் 'கவனக்குறைவு' என்று மட்டும்தான் இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தொகையைச் சொல்லி கையெழுத்துக் கேட்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள். 'முழுமையான, இறுதியான தீர்வு' என்று எழுதிய தாளில் ஒப்பமிட்டுவிட்டால், பின்னால் இன்னொரு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டாலும் பெரும்பாலும் எதுவும் கேட்க முடியாது. காலில் நிரந்தரக் குறைபாடு எவ்வளவு என்று மருத்துவர் சொல்வதற்கே சில மாதங்கள் ஆகும். அதற்கு முன் ஒரு தொகையை ஒப்புக்கொள்வது அவசரம்.

நின்றிருந்த வண்டியில் பின்னாலிருந்து மோதியிருக்கிறார். அவர் கவனமில்லாமல் ஓட்டினார் என்று காட்டினாலே இழப்பீடு கேட்கலாம், செல்போனை நிரூபித்தே தீர வேண்டும் என்பதில்லை. அப்படியானால் அது எதற்கு? 'திடீரென்று பிரேக் போட்டார்', 'பின்விளக்கு எரியவில்லை' என்று பழியை உங்கள் பக்கம் திருப்பப் பார்ப்பார்கள். அந்த நொடியில் அவர் கண் திரையில் இருந்தது என்று தெரிந்தால் இந்த வாதங்கள் எடுபடாது. பேச்சுவார்த்தையிலும் தொகை உயரும்.

சரி, எப்படி நிரூபிப்பது? செய்தியில் என்ன இருந்தது என்பது முக்கியமல்ல, நேரம்தான் முக்கியம். அழைப்புகளும் சாதாரண எஸ்எம்எஸ்களும் எத்தனை மணிக்குப் போயின, வந்தன என்ற பதிவு தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கும். நீங்கள் கேட்டால் தரமாட்டார்கள். போலீஸோ நீதிமன்றமோ கேட்க வேண்டும். வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் சிக்கல் அதிகம். நிறுவனத்தின் பதிவில் இணையத்தைப் பயன்படுத்தியது தெரியுமே தவிர, தனித்தனிச் செய்திகள் தெரியாது. அதற்கு அந்த செல்போனையே ஆய்வு செய்ய நீதிமன்ற உத்தரவு தேவை. செய்தி வந்து விழுந்திருந்தால் மட்டும் போதாது, அவர் படித்தார் அல்லது பதில் தட்டினார் என்று காட்ட வேண்டும். பக்கத்தில் இருந்தவர் தட்டினார் என்ற பதிலும் வரும், அதனால் காரில் யார் யார் இருந்தார்கள் என்பதை சாட்சிகளிடம் இப்போதே கேட்டு வையுங்கள். மோதிய நேரத்தையும் நிமிடக் கணக்கில் உறுதி செய்ய வேண்டும். ஆம்புலன்ஸை அழைத்த நேரம் இதற்கு நன்றாக உதவும்.

பலர் கோட்டை விடும் சாட்சி ஒன்று காருக்குள்ளேயே இருக்கிறது. புதிய கார்கள் பலவற்றில் மோதலுக்கு முந்தைய சில நொடிகளின் வேகமும் பிரேக்கும் பதிவாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களிலும் இந்தக் கருவி கட்டாயம். கடைசிவரை பிரேக்கே மிதிக்கவில்லை என்றால் அவர் சாலையைப் பார்க்கவில்லை என்று வாதிடுவது எளிது. ஆனால் காரைப் பழுது பார்த்தாலோ உடைத்து விற்றாலோ அந்தப் பதிவு போய்விடலாம். சிசிடிவி காட்சிகளும் சில நாட்களிலோ வாரங்களிலோ அழிந்துவிடும். எனவே வழக்கு போடும்வரை காத்திருக்காமல், 'எதையும் அழிக்கக் கூடாது' என்று அந்த ஓட்டுநருக்கும் அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் வக்கீல் மூலம் உடனே நோட்டீஸ் அனுப்புங்கள். அவர் சொன்னதைக் கேட்ட சாட்சிகள் இருந்தால் அதையும் எழுதி வாங்குங்கள்.

போலீஸ் வழக்கின் முடிவு எதுவானாலும் மனம் தளர வேண்டாம். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டு வழக்கில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள். அங்கே விடுதலையானவர் இங்கே பணம் கட்ட வேண்டி வரலாம்.

அப்புறம், அவர் வேலை விஷயமாக ஓட்டிக்கொண்டிருந்தாரா என்று விசாரியுங்கள். ஆம் என்றால் முதலாளியையும் சேர்க்கலாம். செய்தி அனுப்பியவரையே பொறுப்பாக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல், பெறுபவர் வண்டி ஓட்டுகிறார், உடனே படிப்பார் என்று தெரிந்தே அனுப்பினால் அனுப்பியவருக்கும் பொறுப்பு வரலாம் என்றது. ஆனால் அந்த வழக்கிலேயே அதற்கு ஆதாரம் இல்லாததால் செய்தி அனுப்பிய பெண் தப்பித்தார். நான் உங்கள் வக்கீலாக இருந்தால் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

உங்கள் செல்போன் பதிவையும் எதிர்த்தரப்பு கேட்கும். எதையும் அழிக்காதீர்கள், விபத்தைப் பற்றி சமூக வலைத்தளத்தில் எழுதாதீர்கள்.

கடைசியாக, காலக்கெடு. இது நாட்டுக்கு நாடு மாறும்: இங்கிலாந்தில் பொதுவாக 3 ஆண்டு, கலிபோர்னியாவில் 2 ஆண்டு, இந்தியாவில் 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 6 மாதம். உங்கள் ஊரில் எவ்வளவு என்பதை இந்த வாரமே வக்கீலிடம் கேட்டு, தேதியைக் குறித்து வையுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி பேசிக்கொண்டே இருக்கிறது என்பதற்காக அந்தத் தேதி தள்ளிப்போகும் என்று நம்ப வேண்டாம்.