வயர்லெஸ் மின் மீட்டரைக் கட்டாயமாக்கினால் எங்கள் ஊராட்சி தீர்மானம் போட்டுத் தடுக்க முடியுமா?

தடுக்க முடியாது. அதற்காகத் தீர்மானமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என்ன எழுதுகிறீர்கள், யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் முஞ்சிறை ஒன்றியத்தில் ஓர் ஊராட்சியில் 2025 ஜனவரி வரை வார்டு மெம்பராக இருந்தவன் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஏன் முடியாது? அரசியலமைப்பின் 11வது அட்டவணையில் ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று 29 பொருள்கள் இருக்கின்றன. அதில் 14வது, மின் விநியோகம் உட்பட ஊரக மின்மயம். இதைப் படித்துவிட்டு ‘அப்போ அதிகாரம் நம்மகிட்டதானே’ என்று கூட்டத்தில் கேட்பவர்கள் உண்டு. ஆனால் ‘கொடுக்கலாம்’ என்பதுதான் அங்கே சட்டம், முடிவு மாநில அரசின் கையில். நம் கைக்கு வந்து சேர்ந்தது தெருவிளக்கும் அதற்கான பில்லும்தான். மீட்டரோ 2003 மின்சாரச் சட்டம் 55வது பிரிவின் கீழ் வருகிறது. அது எப்படிப்பட்ட மீட்டராக இருக்க வேண்டும் என்பதை மத்திய மின்சார ஆணையத்தின் 2006 ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. 2019இல் அதைத் திருத்தி, புதிய நுகர்வோர் மீட்டர்கள், ரீடிங்கைத் தானே அனுப்பும், முன்கூட்டிப் பணம் கட்டும் வசதியுள்ள ஸ்மார்ட் மீட்டர்களாக (நீங்கள் கேட்கும் வயர்லெஸ் மீட்டர் இதுதான்) இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். 2020 நுகர்வோர் உரிமை விதிகளும் அதையே சொல்கின்றன. விலக்கு வேண்டுமென்றால் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஆகவே தட்ட வேண்டிய கதவு சென்னையில் இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. கிராம சபை நடப்பது 95 ஊராட்சிகளில் மட்டும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி குமரியில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறக் கணக்கில் வருகிறார்கள். தென்னந்தோப்பும் ரப்பரும் குளமுமாகக் கிடக்கும் இடம்கூட ஏட்டில் பேரூராட்சி. நீங்கள் பேரூராட்சிக்காரர் என்றால் உங்களுக்குக் கிராம சபையே கிடையாது. கவுன்சிலரைப் பிடித்து மன்றக் கூட்டத்தில்தான் தீர்மானம் வைக்க வேண்டும். ஊராட்சிகளிலோ எங்கள் பதவிக்காலம் முடிந்தபின் தனி அலுவலர் நிர்வாகம் வந்துவிட்டது. கூட்டப் பொருள் மேலிருந்து வரும். உங்கள் கோரிக்கை கடைசியில் ‘இதரப் பொருள்கள்’ என்ற தலைப்பில்தான் ஏறும்.

வெளிநாட்டில் தடுத்தார்களே என்று சிலர் கேட்பார்கள். கலிபோர்னியாவில் ஃபேர்ஃபேக்ஸ் என்ற சிறிய ஊரும், சாண்டா குரூஸ், மரின் ஆகிய கவுண்டிகளும் (நம் மாவட்டம் போன்றவை) 2010, 2011இல் தற்காலிகத் தடை போட்டது உண்மைதான். இது உங்கள் அதிகாரத்தில் வராது, மாநில ஆணையம் சொன்னால்தான் கேட்போம் என்று மின் நிறுவனம் பதில் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தது. ஆனால் கூச்சல் பெரிதானதும் 2012 பிப்ரவரியில் அதே மாநில ஆணையம் வேண்டாதவர்கள் பழைய மீட்டரையே வைத்துக்கொள்ளலாம் என்றது. அதற்கு ஆரம்பக் கட்டணம் 75 டாலர், மாதம் 10 டாலர், வசதி குறைந்தவர்களுக்குச் சலுகை. தடை நிற்கவில்லை, காசு கொடுத்து விலகும் உரிமை கிடைத்தது. பிரான்சில் நூற்றுக்கணக்கான ஊர்கள் ‘லிங்கி’ என்ற ஸ்மார்ட் மீட்டருக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. 2019 ஜூலையில் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், இதைத் தடுக்க உள்ளாட்சிக்கு அதிகாரம் இல்லை என்று முடித்துவைத்தது. (வேடிக்கை என்னவென்றால், லிங்கி வீட்டிலிருந்து டிரான்ஸ்பார்மர் வரை கரண்ட் கம்பி வழியாகவே தகவல் அனுப்புகிறது. அந்தத் தூரத்துக்கு அது வயர்லெஸ்ஸே இல்லை.)

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி நினைவுக்கு வரலாம். அங்கே 2024 நவம்பரில் கிராம சபைகள் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்தன, டிசம்பரில் சட்டமன்றமே தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஆனால் அங்கே மாநில அரசு ஊர்ப்பக்கம் நின்றது. மீட்டர் விஷயத்தில் மின் வாரியமே மாநில அரசுடையது. மேற்கு வங்கத்தில் புகார்கள் குவிந்தபின் 2025 ஜூனில் வீட்டு இணைப்புகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் வைப்பதை நிறுத்தினார்கள். நமக்குப் பக்கத்தில், களியக்காவிளையைத் தாண்டினால் வரும் கேரளத்தில், தனியார் நிறுவனம் மீட்டர் வைத்து வருடக்கணக்கில் பராமரித்து மாதாமாதம் பணம் வாங்கும் முறையை மின் ஊழியர் சங்கங்கள் எதிர்த்தன. அரசும் அந்த முறை வேண்டாம் என்று ஒதுங்கியது. இரண்டு இடத்திலும் முடிவு மாறியது மாநிலத் தலைநகரில்.

சரி, தீர்மானத்தில் என்ன எழுதுவது? தயவுசெய்து கதிர்வீச்சில் ஆரம்பிக்காதீர்கள். கூடங்குளம் பக்கத்திலும் மணவாளக்குறிச்சி மணலிலும் வாழ்கிறவர்களுக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே காது நிமிரும், அதில் நியாயமும் உண்டு. ஆனால் மோனசைட் என்ற கதிரியக்கத் தாது கலந்த மணலில் வரும் கதிர் வேறு, மீட்டரின் ரேடியோ அலை வேறு. 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கக் கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது என்று எதிர்ப்பாளர்கள் காட்டுவார்கள். அதே வரிசையில்தான் தீர்மானத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடும் செல்போனும் இருக்கிறது. மீட்டர் விட்டு விட்டுத்தான் தகவல் அனுப்பும். அதிகாரி இந்த ஒரு பத்தியை மறுத்துவிட்டு மொத்தத் தீர்மானத்தையும் ஓரம் கட்டிவிடுவார்.

உண்மையான பிரச்சினையை ஒரு கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் கேட்டார். சேலைத் தலைப்பில் மின் அட்டையைச் சுருட்டி வைத்திருந்தார். “எனக்க மொவன் கடல்ல கெடக்க நேரத்துல பைசா தீந்துச்சுன்னா ராத்திரி கறண்டு போவுமா சாறே?” மேடையில் இருந்தவர் ‘அதெல்லாம் மெசேஜ் வரும்மா’ என்றார். மெசேஜ் வருவது மகனுடைய நம்பருக்கு. ஆழ்கடலுக்குப் போனவன் போனில் சிக்னல் எங்கே இருக்கும்?

நம் மாவட்டத்தில் விசைப்படகுத் தடைக்காலமே இரண்டு. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த மாதங்களில் முன்கூட்டிப் பணம் கட்டு என்றால் கரையோர வீடுகள் எங்கே போகும்? மின்சாரச் சட்டத்தின் 56வது பிரிவு, பணம் கட்டாத வீட்டை 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்துத்தான் துண்டிக்கலாம் என்கிறது. பேலன்ஸ் தீர்ந்ததும் மீட்டரே துண்டிக்கும் என்றால் அந்த 15 நாள் என்ன ஆகிறது? தீர்மானத்தின் முதல் வரி இதுவாக இருக்கட்டும். கூடவே 47(5) பிரிவையும் காட்டுங்கள். முன்கட்டண மீட்டருக்குச் சம்மதிப்பவரிடம் டெபாசிட் கேட்கக் கூடாது என்கிறது அது. சம்மதம் என்ற பேச்சு வந்தாலே அது நுகர்வோர் விருப்பம்தானே என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். வலுவான வாதம் என்றே நினைக்கிறேன்.

ஸ்மார்ட் மீட்டரே கெடுதல் என்பது என் கட்சி இல்லை. குடும்பத்தோடு வளைகுடாவில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகள் நம் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. ரீடிங் எடுக்க வருபவர் கேட்டில் நின்று பார்த்துவிட்டுப் போவார். அந்த வீடுகளுக்கு இது வசதிதான். பேச்சிப்பாறைக்கு மேலே சிக்னல் இல்லாத இடத்தில் ரீடிங் எப்படிப் போகும் என்பது தனிக் கேள்வி. ஒக்கிப் புயல் சமயத்தில் செல்போன் டவரும் செத்துக் கிடந்ததை 2017இல் பார்த்தோம்.

ரீடிங் சந்தேகமாக இருந்தால் நுகர்வோர் உரிமை விதிகளின் 2024 திருத்தம் கைகொடுக்கும். புகார் கொடுத்த ஐந்து நாளுக்குள் பக்கத்தில் இன்னொரு மீட்டர் வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நமக்கு இரண்டு மாதக் கணக்கில் ஓர் அளவு வரை யூனிட் இலவசம், குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறிவிடும். அதனால் சில யூனிட் கூடினாலும் பில் நன்றாகவே ஏறும். இந்த வசதியை வாரியம் ஒவ்வொரு பிரிவு அலுவலகத்திலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்று கேளுங்கள். அதை மறுக்க யாரிடமும் காரணம் இருக்காது.

தீர்மானத்தைக் கலெக்டருக்கு மட்டும் அனுப்பினால் கோப்பில் தூங்கும். ஒழுங்குமுறை ஆணையச் செயலருக்கு ஒரு நகல், நாகர்கோவிலில் மேற்பார்வைப் பொறியாளருக்கு ஒரு நகல், உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று. எல்லாம் ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு. கட்டண உத்தரவுக்கு முன் ஆணையம் கருத்துக்கேட்பு நடத்தும். 2022இல் கோவை, மதுரை, சென்னையில் நடத்தினார்கள். நமக்குப் பக்கம் மதுரைதான். அங்கே போய்ப் பேச ஆளை இப்போதே முடிவு செய்துவிட்டு, கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் உங்கள் வாசகம் அப்படியே ஏறியிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள். ‘மின் மீட்டர் குறித்து விவாதிக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.