மருத்துவ மாணவருக்கு வேறு துறை விருப்பப் பாடம் எதற்கு?

உடற்கூறியலைப் படிக்கவே நேரம் போதாதபோது ஓவியமும் மானுடவியலும் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான எரிச்சல்தான். ஆனாலும் ஓர் உதாரணம் பாருங்கள்.

யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவப் பேராசிரியர் இர்வின் பிரேவர்மன், அருங்காட்சியகக் கல்வியாளர் லிண்டா ஃபிரீட்லேண்டருடன் சேர்ந்து மாணவர்களை ஓவியங்களின் முன் நிறுத்தினார். கதையை ஊகிக்கும் முன், கண்ணில் படுவதை மட்டும் அவர்கள் விவரிக்க வேண்டும். இப்பயிற்சி பெற்றவர்கள் நோயாளிகளின் புகைப்படங்களிலும் கூடுதல் விவரங்களைக் கவனித்தார்கள் என்று 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. ‘முகம் வாடியிருக்கிறது’ என்று சொல்பவர், ‘இடது இமை சற்றுத் தாழ்ந்திருக்கிறது’ என்று சொல்லப் பழகுகிறார். நரம்பியல் வார்டில் இரண்டாவதுதான் உதவும்.

எழுதித் தந்த மருந்தை நோயாளி ஏன் வாங்கவில்லை என்பதற்குப் பொருளியலும், வாங்கியும் ஏன் விழுங்கவில்லை என்பதற்கு மானுடவியலும் விடை தேடும். சட்டம், தரவு அறிவியல் ஆகியவற்றின் பயன் வெளிப்படை.

தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: அந்தத் துறை ஆசிரியரும் ஒரு மருத்துவரும் சேர்ந்து நடத்துகிறார்களா? மருத்துவர் இல்லாத வகுப்பு பெரும்பாலும் பொது அறிவுச் சொற்பொழிவாகிவிடும். வருகைப் பதிவுக்கு மட்டுமே மதிப்பெண் என்றால் அந்த நேரத்தில் தூங்குவதே மேல்.