கேபின் குழுச் சங்கம்: பேச்சுவார்த்தைக்கு முன் என்ன வேலை?

கேள்வி: அமெரிக்க விமானப் பணியாளர் சங்கங்கள் ஒப்பந்தப் பேச்சுக்கு வெகுமுன்பே தயாராவது ஏன்?

பதில்: அங்கே ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936 முதல் விமானத் துறைக்கும் பொருந்துகிறது. அதன்படி, குறித்த தேதி வந்தாலும் ஒப்பந்தம் காலாவதியாகாது. புதியது கையெழுத்தாகும்வரை பழைய சம்பளமே தொடரும். இழுத்தடித்தால் நஷ்டம் பணியாளருக்குத்தான்.

முதல் வேலை உறுப்பினர் கருத்துக்கணிப்பு. ‘சம்பள உயர்வு வேண்டுமா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘ஆம்’ என்பார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘உயர்வா, கூடுதல் ஓய்வா, எது முதலில்?’ என்று கேட்க வேண்டும்.

அடுத்தது நேரப் பதிவு. இதில்தான் பல சங்கங்கள் கோட்டை விடுகின்றன. 6.00 மணிக்குப் பணிக்கு வந்து, 6.30க்குப் பயணிகளை ஏற்றி, 7.10க்கு நகரும் விமானம் 9.10க்கு வந்து நின்றால், வழக்கமான கணக்கில் முழுச் சம்பளம் 2 மணி நேரத்துக்கு மட்டுமே. பெட்டியோடும் குழந்தையோடும் மல்லுக்கட்டிய அந்த 40 நிமிடம் வேலை இல்லையா? டெல்டா விமான நிறுவனம் 2022இல் பயணிகள் ஏறும் நேரத்துக்குப் பாதி விகிதம் தரத் தொடங்கியது. உங்கள் பதிவில் நான்கு நேரங்களும் தனித்தனியாக இருக்கட்டும். மொத்தமாக ‘3 மணி 10 நிமிடம்’ என்று எழுதினால் நிர்வாகம் எளிதில் மறுத்துவிடும்.

கேள்வி: வேலைநிறுத்த வாக்கெடுப்பு ஜெயித்தால் உடனே நிறுத்தலாமா?

பதில்: முடியாது. பேச்சில் சமரசம் செய்யும் அரசு அமைப்பான தேசிய மத்தியஸ்த வாரியம், இரு தரப்பையும் அந்தச் சமரசப் பேச்சிலிருந்து விடுவிக்க வேண்டும். அதன்பின் 30 நாள் காத்திருக்க வேண்டும். ஆனாலும் பெருவாரியான வாக்கு பேச்சு மேஜையில் வலுச் சேர்க்கும்.